கழற்றித் துவைக்கிற சேர் கவர்

வணக்கம் நேயர்களே. பழைய வண்ணாரப்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கை, பள்ளிக்கூட யூனிஃபார்ம், துணிப்பை என்று எல்லாம் தைக்கிறோம். இன்றைக்கு நான் பேச வந்தது ஆபீஸ் நாற்காலிக்குப் போடுகிற கவரைப் பற்றி. கழற்றி, துவைத்து, திரும்ப மாட்டுகிற கவர். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், ஒன்பது மணி நேரம் நம் உடம்பு படுகிற சாமான் அந்த நாற்காலி. தலையணைக்கு உறை போட்டு வாராவாரம் துவைக்கிறோம், ஆனால் இத்தனை பேர் மாறி மாறி உட்கார்ந்து வியர்வை இறங்கின நாற்காலிக்கு, வாங்கின நாளிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் காட்டியிருக்க மாட்டோம்.

பாரிமுனைப் பக்கம் தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, அங்கப்ப நாயக்கன் தெரு இங்கெல்லாம் மாடிமாடியாக ஆபீஸ் இருக்கிறது. கிளியரிங் ஏஜென்சி, வக்கீல் அறை, கணக்கு எழுதும் இடம், டைப்பிங் கடை. உள்ளே போய்ப் பாருங்கள். வருகிறவர்கள் உட்காரும் நாற்காலி புதுசாக இருக்கும், முதலாளி நாற்காலி உயரமாக, முதுகில் வெள்ளைத் துண்டு போட்டு இருக்கும். மூலையில் காலையிலிருந்து இரவுவரை கம்ப்யூட்டரில் என்ட்ரி போடுகிற பெண்ணின் நாற்காலியைப் பார்த்தால் சீட்டின் முன்பக்க விளிம்பு கிழிந்து, உள்ளே மஞ்சளாகிப்போன ஸ்பாஞ்ச் தெரிந்து, அதன்மேல் பிரவுன் டேப் ஒட்டியிருக்கும். அந்த டேப்பின் ஓரம் வெயில் காலத்தில் பசை விட்டு புடவையில் ஒட்டிக்கொள்ளும். கிழிந்த ரெக்ஸின் காய்ந்து விறைத்து, உட்கார்ந்து எழும் ஒவ்வொரு தடவையும் துணியில் நூலை இழுக்கும். "அக்கா, புடவை வீணாகுது, இதுக்கு ஒரு வழி பண்ணுங்க" என்று என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான், அதுவும் சொந்தக் காசில் தைத்துக்கொள்ள. அது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆபீஸ் நாற்காலிக்குக் கவர் ஆபீஸ்தான் போட வேண்டும், அதுவும் அதிக நேரம் உட்கார்ந்திருக்கிறவரின் நாற்காலியிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த முதலாளி நாற்காலியின் வெள்ளைத் துண்டைச் சொன்னேனே, அரசாங்க அலுவலகங்களில் அதிகாரி நாற்காலியிலும் அதைப் பார்த்திருப்பீர்கள். அதைக் கௌரவத்துக்குப் போடுவதாக நினைக்கிறோம். அதைப் போட்டவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கிறது: முதுகு வியர்க்கும், துணி அதை உறிஞ்சும், நாளைக்கு அதை எடுத்துத் துவைக்கலாம். அந்த வசதி கிளார்க்குக்கும் வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

சரி, ரெக்ஸின் ஏன் இப்படி உரிகிறது? ரெக்ஸின் என்று பொதுவாகச் சொல்கிறோம், அதில் பல வகை இருக்கிறது. செதில் செதிலாக உரிந்து கறுப்புத் தூளாகச் சட்டையில் ஒட்டுகிறதே, அது பெரும்பாலும் துணிமேல் பாலியூரித்தேன் பூச்சு போட்ட வகை. காற்றில் இருக்கும் ஈரமும் உடம்புச் சூடும் வியர்வையும் சேர்ந்து அந்தப் பூச்சை மெல்ல உடைத்துவிடும். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கடலை ஒட்டி இருக்கிற நமக்கு ஈரக்காற்றுக்குக் குறைச்சலே இல்லை, அதனால் நாற்காலியை நன்றாக வைத்திருந்தாலும் பூச்சு உரியத்தான் செய்யும். தூசியும் அப்படித்தான். துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிக்கொண்டிருந்த காலத்தில், 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவு வந்து அது நிற்கும்வரை, ராயபுரம் பக்கம் ஜன்னல் ஓரம் விரலை வைத்தால் கறுப்பாக வரும். இப்போது கரி குறைந்தது, கன்டெய்னர் லாரி தூசி போகவில்லை. துணி சீட் உள்ள நாற்காலியில் இந்தத் தூசியும் வியர்வையும் சேர்ந்து ஸ்பாஞ்சுக்குள்ளேயே இறங்கிவிடும். மேலே ஈரத்துணியால் துடைத்தால் அழுக்கு இன்னும் உள்ளேதான் போகும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், கேட்டுக்கொண்டிருக்கும் ஆண்களும் கேட்க வேண்டியதுதான். மாதவிலக்கு நாட்களில் நாற்காலியில் கறை பட்டுவிட்டால் அந்தப் பெண் என்ன செய்வாள்? எல்லோரும் போகிறவரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பாள். அப்புறம் தண்ணீர் பாட்டிலும் டிஷ்யூவும் வைத்துத் தேய்ப்பாள், கறை போகாது, மறுநாள் அந்த நாற்காலியை வேறு இடத்துக்குத் தள்ளிவைப்பாள். கவர் போட்ட நாற்காலியாக இருந்தால் நாடாவை அவிழ்த்து உருவிச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு, மேஜை டிராயரில் இருக்கும் இன்னொன்றை மாட்டிவிடலாம். ஒரு நிமிஷ வேலை, யாருக்கும் தெரியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே நாற்காலிக்கு இரண்டு கவர் தையுங்கள் என்று நான் ஆபீஸ்காரர்களிடம் வற்புறுத்திச் சொல்கிறேன். ஒன்றை மாட்டியிருக்கும்போது இன்னொன்று துவைத்துக் காய்ந்து தயாராக இருக்க வேண்டும். ஒரே கவர் வைத்திருந்தால் அது துவைக்கப் போகாது, அப்படியே கிடக்கும்.

கவர் போடுவதற்கு முன்னால் நாற்காலியைப் பாருங்கள். முஷ்டியை மடக்கி சீட்டின் நடுவில் அழுத்துங்கள். அடியில் இருக்கும் பலகை கையில் இடித்தால் ஸ்பாஞ்ச் செத்துவிட்டது என்று அர்த்தம், அதன்மேல் எவ்வளவு அழகான துணி போட்டாலும் இடுப்பு வலிக்கத்தான் செய்யும். அதற்கு ஒன்றரை அங்குல ஃபோம் ஷீட், 40 டென்சிட்டி என்று கேட்டு வாங்கி, சீட் அளவுக்கு வெட்டி, கவருக்கு உள்ளே மேலாக வைத்துவிடலாம். சீட் அந்த அளவுக்கு உயர்ந்துவிடும், அதனால் லீவரை இழுத்து உயரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், பாதம் இரண்டும் தரையில் பதிய வேண்டும். கீழே ஐந்து கால் இருக்கிறதே, அதில் எங்காவது விரிசல் தெரிந்தால் அந்தக் காலை மாற்றாமல் யாரும் உட்காரக் கூடாது. உட்கார்ந்ததும் தானாகக் கீழே இறங்கினால் சிலிண்டர் போய்விட்டது, அதை மட்டும் தனியாக மாற்றலாம். வெள்ளத்தில் நனைந்த நாற்காலியையும் மூடி வைக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் கலந்து வீட்டுக்குள் வந்ததே, அந்தத் தண்ணீர் ஏறின ஸ்பாஞ்சை எடுத்துப் போட்டுவிட்டுப் புது ஸ்பாஞ்ச் வைத்த பிறகுதான் கவர். சாக்கடைத் தண்ணீர் ஏறினதும் அப்படியே.

இதெல்லாம் சரியாக இருக்கிறது, சீட் துணி மட்டும்தான் போய்விட்டது என்றால் அந்த நாற்காலியைத் தூக்கிப் போடாதீர்கள். இரும்பு, பிளாஸ்டிக்கை காயலான் கடைக்காரர் கழற்றி எடுத்துக்கொள்வார். ஸ்பாஞ்சை யாரும் எடுக்க மாட்டார்கள், அது குப்பை லாரியில் ஏறி கொடுங்கையூர் குப்பைமேட்டுக்குத்தான் போகும். ஊர்க் குப்பையெல்லாம் நம் பக்கம் வந்து கொட்டுகிறது என்று பேசுகிற நாம், நம் பங்குக்கும் அங்கே அனுப்ப வேண்டாம்.

இப்போது துணி. பெரம்பூர், புளியந்தோப்பு, ஓட்டேரிப் பெரியவர்களுக்கு காக்கி டிரில் என்றால் விளக்கவே வேண்டாம். பக்கிங்காம் மில்லும் கர்நாட்டிக் மில்லும் 1920இல் ஒரே கம்பெனியான பிறகு பி அண்ட் சி என்று பேர் வாங்கி, 1996இல் மூடும்வரை அந்த ஊர்க்காரர்களின் கைகள் நெய்த துணி அது. டிரில் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் சாய்வுக் கோடு தெரியும். நூல் நெருக்கமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஏறி நெய்திருப்பதால் தேய்ந்தாலும் சீக்கிரம் கிழியாது. ஃபேன் மட்டும் ஓடுகிற ஆபீசுக்கு என் தேர்வு காட்டன் டிரில்தான், வியர்வையை உறிஞ்சும், சூடு ஏறாது. கைலித் துணி, பழைய பெட்ஷீட் எல்லாம் மெத்தென்று இருக்கும், ஆனால் தொடை உரசுகிற முன் விளிம்பில் தேய்ந்து ஓட்டை விழுந்துவிடும். ஏசி ஆபீசுக்கும், வளைவு வளைவாக இருக்கிற நாற்காலிக்கும் லைக்ரா கலந்த பாலியெஸ்டர் பரவாயில்லை, இழுத்து மாட்டினால் சுருக்கம் இல்லாமல் உட்காரும். ஆன்லைனில் ரெடிமேடாக வருவது பெரும்பாலும் அதுதான். வலை முதுகு நாற்காலிக்கு முதுகுக் கவரே வேண்டாம், காற்றுக்காகச் செய்த வலையை மூடுவானேன். நிறம் கேட்டால் கறுப்பு வேண்டாம் என்பேன், வியர்வை காய்ந்து வெள்ளைக் கோடு விழுவது அதில்தான் பளிச்சென்று தெரியும். சாம்பல், காக்கி, மண் நிறம் நன்றாக இருக்கும்.

துணி எடுக்க கோடவுன் தெரு போகலாம், எங்கள் எம்.சி. ரோட்டிலும் கிடைக்கும். சாதாரண ஆபீஸ் நாற்காலிக்கு, 58 அங்குல பன்னாவில், அதாவது துணியின் அகலம் 58 அங்குலம், ஒன்றேகால் மீட்டர் எடுத்தால் சீட், முதுகு இரண்டுக்கும் வரும். எப்படி என்றால், சீட் 19 அங்குலச் சதுரம் என்று வையுங்கள், பக்கவாட்டில் குஷன் உயரம் மூன்று, அடியில் மடங்க மூன்று, நாடா ஓட்டுகிற மடிப்புக்கு ஒன்று, இப்படி இரண்டு பக்கமும் சேர்த்தால் 33 அங்குலம். மிச்சத்தில் முதுகுக்கு முன்துண்டும் பின்துண்டும் ஒன்றின்கீழ் ஒன்றாக விழும். காட்டனாக இருந்தால் வெட்டுவதற்கு முன் ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்து இஸ்திரி போட்டு விடுங்கள். தைத்த பிறகு சுருங்கினால் அந்தக் கவர் திரும்ப நாற்காலியில் ஏறாது.

தைக்கிறவர்களுக்குச் சில வார்த்தை. வீட்டு மிஷினிலேயே தைக்கலாம், 16ஆம் நம்பர் ஊசியும் பாலியெஸ்டர் நூலும் போடுங்கள். நான்கு மூலையிலும் டார்ட் பிடித்தால், அதாவது துணியை உள்பக்கம் மடித்துச் சாய்வாகத் தைத்தால், பெட்டி மாதிரி வடிவம் வந்துவிடும். முன் விளிம்பில் மட்டும் எந்தத் தையலும் வரக் கூடாது, தொடையில் உறுத்தும், தையலும் முதலில் அங்கேதான் விட்டுப்போகும். அந்த இடத்தில் உள்பக்கமாக ஒரு பட்டைத் துணி கூடுதலாக வைத்துத் தையுங்கள். கைப்பிடியின் இரும்பு சீட்டுக்கு அடியில் போல்ட் போட்டிருக்கும், முதுகைத் தாங்குகிற கம்பி பின்னால் வரும், அந்த இடங்களில் துணியைப் பிளந்து ஓரம் மடித்துத் தைத்து, இரண்டு பக்கமும் நாடா வைத்துக் கட்ட வேண்டும். வெல்க்ரோவும் வைக்கலாம், ஆனால் அதில் பஞ்சும் முடியும் ஏறி ஏறிப் பிடிப்பு போய்விடுகிறது. எலாஸ்டிக்கும் அப்படித்தான், கொஞ்ச நாளில் தொய்ந்துவிடும். பாவாடை நாடாதான் எனக்குப் பிடித்தது, தளர்ந்தால் இழுத்துக் கட்டிக்கொள்ளலாம். எலாஸ்டிக்தான் வேண்டும் என்றால் அது போகிற மடிப்பின் வாயைத் தைத்து மூடிவிடாமல் விட்டுவையுங்கள், பழசை உருவிப் புதுசைக் கோத்துக்கொள்ளலாம்.

வலதுபக்கம் உயரம் ஏற்றுகிற லீவர் இருக்கும், அதை மூடாதீர்கள். அடியில் நாடா முனை தொங்கக் கூடாது, கட்டின பிறகு உள்ளே சொருகிவிடுங்கள், இல்லையென்றால் சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். ரெக்ஸின் சீட் வழுக்கும், கவர் நகர்ந்துகொண்டே இருக்கும். அதற்கு அலமாரித் தட்டில் விரிக்கிற ரப்பர் வலை விரிப்பை ஒரு துண்டு வெட்டிக் கவருக்கு அடியில் வையுங்கள். ரெக்ஸின் உரிகிற நாற்காலியாக இருந்தால் முதலில் உலர்ந்த பிரஷ்ஷால் உரியக்கூடியதை எல்லாம் தேய்த்து எடுத்துவிட்டு, பழைய பெட்ஷீட்டில் ஒரு உள் உறை போட்டு, அதன்மேல் இந்தக் கவரை மாட்டுங்கள். இல்லாவிட்டால் கறுப்புத் தூள் கவரின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டு மற்ற துணியோடு துவைக்க முடியாமல் போகும்.

துவைப்பதற்குப் பெரிய சாமர்த்தியம் வேண்டாம். காட்டனைச் சோப்புத் தூளில் ஊறவைத்துக் கும்மலாம். லைக்ரா கலந்ததற்கு ப்ளீச்சிங் பவுடர் ஆகாது, இஸ்திரிச் சூடும் ஆகாது, இழுவை போய்விடும், நிழலில் காயப்போடுங்கள். எதுவாக இருந்தாலும் நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அரை ஈரத்தோடு மாட்டினால் ஈரம் ஸ்பாஞ்சுக்கு இறங்கி வாடை பிடித்துக்கொள்ளும்.

ஆபீசில் எல்லா நாற்காலிக்கும் போடுவதாக இருந்தால் ஒவ்வொரு கவரின் உள்பக்கமும் ஒரு சின்ன நாடாத் துண்டு தைத்து, அழியாத மையில் நம்பர் எழுதுங்கள். அதே நம்பரை நாற்காலிக்கு அடியிலும் எழுதிவிடுங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், அரை அங்குலம் வித்தியாசப்படும், மாறிப்போனால் ஒன்று இறுக்கும், ஒன்று தொளதொளக்கும். யார் கழற்றுவது, யார் துவைக்கப் போடுவது என்பதையும் முதலிலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள், பெருக்க வருகிற அம்மாவின் தலையில் சம்பளம் இல்லாத வேலையாகக் கட்டிவிடாதீர்கள். அப்புறம், மொத்தத் துணியையும் ஒரே நாளில் வெட்டாதீர்கள். முதலில் பழைய செய்தித்தாளில் அளவு வெட்டி நாற்காலியில் வைத்துப் பாருங்கள், அதை வைத்து ஒரே ஒரு கவர் தைத்து, அந்த என்ட்ரி போடுகிற பெண்ணின் நாற்காலியில் மாட்டி ஒரு வாரம் உட்காரச் சொல்லுங்கள். எங்கே இறுக்குகிறது, எங்கே நழுவுகிறது என்று அவரே சொல்வார், அதைத் திருத்திக்கொண்டு மற்றதை வெட்டலாம்.

நன்றி, வணக்கம்.