பயிற்சி மருத்துவர் புகார் சொன்னால் சட்டம் துணை நிற்குமா?

அடுத்த கேள்வி. இங்கிலாந்தில் ஸ்பெஷாலிட்டி டிரெயினிங்கில் (சிறப்பு மருத்துவர் ஆவதற்கான பயிற்சி) இருக்கும் ஒரு டாக்டர் தம்பி கேட்டிருக்கிறார்: "வார்டில் டாக்டர்கள் போதவில்லை என்று எழுதிக் கொடுத்தால் என் டிரெயினிங் நம்பருக்கு ஆபத்து வருமா? சட்டப் பாதுகாப்பு உண்டா?"

உண்டு தம்பி. டிரெயினிங் நம்பர் என்பது அந்தப் பயிற்சியில் உங்களுக்கான இடம். அதைக் கையில் வைத்திருக்கும் அமைப்புக்கு எதிராகவும் பாதுகாப்பு உண்டு என்பது, ஒரு டாக்டர் வருஷக்கணக்கில் கோர்ட் படியேறி வாங்கித் தந்தது.

2014 ஜனவரி. லண்டன் வுலிச்சில் குயீன் எலிசபெத் மருத்துவமனை. கிறிஸ் டே என்ற ஜூனியர் டாக்டருக்கு தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவு டியூட்டி. வேறு வார்டுகளுக்கு வரவேண்டிய இரண்டு லோகம் (தற்காலிக) டாக்டர்கள் வரவில்லை. எட்டு நோயாளிக்கு ஒரு டாக்டர் என்பது வழிகாட்டுதல். அவர் பொறுப்பிலோ 18 பேர். அன்றிரவே போன் செய்து சொன்னார்.

அப்படிப் புகார் சொன்னதற்காகத் தனக்குப் பாதகம் செய்தார்கள் என்று பிற்பாடு வழக்குப் போட்டார். பயிற்சியை நடத்திய ஹெல்த் எஜுகேஷன் இங்கிலாந்து, "நாங்கள் அவருக்கு முதலாளியே இல்லை" என்று வாதிட்டது. சம்பளம் தருவது டிரஸ்ட், அதாவது மருத்துவமனையை நடத்தும் அமைப்பு. ஆனால் எங்கே போஸ்டிங், அடுத்த வருஷத்துக்குப் போகலாமா, நம்பர் நிலைக்குமா எல்லாம் இவர்கள் கையில். வாழ்க்கையையே தீர்மானிப்பவர்கள் மேல் வழக்குப் போட முடியாது என்றால் எவ்வளவு பெரிய அநியாயம்! வேலைவாய்ப்பு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயமோ அந்த வாதத்தை ஏற்று, அவர்கள் மேலான வழக்கைத் தள்ளிவிட்டது.

2017 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருத்தியது. 1996 வேலைவாய்ப்பு உரிமைச் சட்டத்தின் 43கே பிரிவின்படி, ஒருவருடைய வேலை நிபந்தனைகளை இரண்டு அமைப்புகளுமே கணிசமாகத் தீர்மானிக்கலாம். டிரஸ்ட் இருக்கிறது என்பதற்காக மற்றவர் தப்பிக்க முடியாது என்றது. அவருடைய சொந்த வழக்கு அப்புறமும் நெடுநாள் இழுத்தது, அது வேறு கதை. ஹெல்த் எஜுகேஷன் இங்கிலாந்து 2023இல், அரசு மருத்துவ சேவையை நிர்வகிக்கும் என்எச்எஸ் இங்கிலாந்தோடு சேர்ந்துவிட்டது.

சரி, நீங்கள் என்ன செய்வது? குற்றத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. நோயாளிக்கு ஆபத்து என்று நியாயமாக நம்பினால் போதும், பொதுநலன் சம்பந்தப்பட்டிருக்க வேண்டும். போனில் சொன்னால் அதே ஷிப்டில் மெயிலும் போடுங்கள்: மணி என்ன, எத்தனை நோயாளிகள், எத்தனை டாக்டர்கள், யாரிடம் சொன்னீர்கள், என்ன பதில் வந்தது. நோயாளி பெயர் வேண்டாம். மருத்துவமனையில் நடக்கும் தவறுகளையும் ஆபத்துகளையும் பதியும் மென்பொருளான டேட்டிக்ஸிலும் பதிவு செய்யுங்கள்.

ஒன்றை மறைக்க மாட்டேன். பழிவாங்குவதை இந்தச் சட்டம் முன்கூட்டியே தடுத்துவிடாது. நடந்த பிறகுதான் தீர்ப்பாயத்துக்குப் போக முடியும். அதற்கான காலக்கெடுவும் குறைவு. அதனால் சிக்கல் தெரிய ஆரம்பித்த உடனேயே டாக்டர்களின் சங்கமான பிஎம்ஏவிடம் பேசிவிடுங்கள், அடுத்த ரொட்டேஷன் (போஸ்டிங் மாற்றம்) வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.