கேஸ் சென்சரும் நம்ம ஊர் மூடுபனியும்

வணக்கம் மக்களே, இலங்கை மலையகத்து ஹட்டனிலிருந்து பேசுகிறேன். தகரக் கூரையில் மழை இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். "கேஸ் கசியாமலே அலாரம் கத்துகிறதே, ஏன்?" போன வீடியோவின் கீழே நிறையப் பேர் கேட்டது இதுதான். 2021 கடைசியில் நாடெங்கும் சிலிண்டர் வெடிப்புச் செய்திகள் வந்த பிறகு எங்கள் சொந்தக்காரர் வீடுகளிலும் இந்த அலாரம் வந்துவிட்டது. மழைக்காலத்தில் அது படுத்தும் பாடு எனக்கும் தெரியும்.

இதோ கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன், எம்கியூ-2 என்ற கேஸ் சென்சர். சின்ன மூடி, மேலே கம்பி வலை. உள்ளே ஒரு குட்டிக் குழாய், அதன்மேல் டின் ஒக்சைட் (வெள்ளீய ஒக்சைட்) பூச்சு, நடுவில் ஹீட்டர். வெளியே வெதுவெதுப்பு, உள்ளே நல்ல சூடு. இந்த வகைச் சென்சர்கள் பொதுவாக 200 முதல் 400 பாகை செல்சியஸ் வரை வேலை செய்பவை. அந்தச் சூட்டில் காற்றிலுள்ள ஒட்சிசன் பூச்சின் மேல் ஒட்டிக்கொண்டு அதன் இலத்திரன்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பூச்சின் மின்தடை ஏறும். கேஸ் வந்ததும் அந்த ஒட்சிசனோடு சேர்ந்து எரியும், இலத்திரன்கள் விடுபடும், தடை மளமளவென இறங்கும். லைட்டரைப் பற்றவைக்காமல் வாயுவை மட்டும் விடுகிறேன்... பார்த்தீர்களா, தடை இறங்க இறங்கச் சென்சர் தரும் எண் எப்படி எகிறுகிறது!

இது ஜப்பானில் டகுச்சி என்பவர் 1962இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த பழைய வித்தை. நனோ சமாச்சாரம் அப்புறம் வந்தது. டின் ஒக்சைட் துகளில் இலத்திரன் இழந்து வறண்டுபோகும் மேல்தோல் சுமார் 3 நனோமீற்றர் தடிப்பு (ஒரு மில்லிமீற்றரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் நனோமீற்றர்). பெரிய துகளில் தோல் மட்டும்தான் வறளும், உள்ளே மின்சாரம் அது பாட்டுக்கு ஓடும். துகளை 6 நனோமீற்றருக்குக் கொண்டுவந்தால் இரண்டு பக்கத் தோலும் நடுவில் முட்டிக்கொள்ளும், முழுத் துகளும் தோல்தான். உணர்திறன் அங்கேதான் திடீரென்று ஏறுகிறது. 1991இல் ஜப்பானிய ஆய்வாளர் யமசோயேயின் குழு இதை அளந்து காட்டியது. பிறகு நனோக்கம்பி, கார்பன் நனோகுழாய் என்று வரிசையாக வந்தன. 2007இல் மான்செஸ்டர் ஆய்வாளர்கள் கிராஃபீனில், அதாவது ஒரே அணுத் தடிப்புள்ள கார்பன் தாளில், ஒற்றை மூலக்கூறு வந்து ஒட்டுவதையே பிடித்தார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம்ம ஊருக்கு உணர்திறன் பஞ்சம் இல்லை, ஈரம்தான் பிரச்சினை. நீராவியும் அதே தோலில் வந்து குந்திக்கொண்டு தடையைக் குறைத்துவிடும். அலாரத்துக்கு அது கேஸா, மூடுபனியா என்று தெரியாது. அறை வெப்பநிலையில் இயங்கும் சென்சர் என்று கொண்டாடுகிறார்களே, அதில் நீரை விரட்டச் சூடும் இல்லை. அதனால் எனக்குப் பிடித்த ஆராய்ச்சி வேறு: டின் ஒக்சைட்டில் பல்லேடியம் என்ற உலோகத்தின் நுண்ணிய துகள் சேர்த்து ஈரத்தின் தொல்லையைக் குறைப்பது. புதுச் சாதனை எண்ணைவிட இதுதான் நுவரெலியாவுக்கு உதவும்.

தேயிலைப் பெக்டரிக்கும் இதே கதைதான். நொதிக்கும் கொழுந்தின் பச்சை வாடை மாறிப் பூ வாசம் எழும் நேரத்தை டீ மேக்கர் மூக்கால் பிடிக்கிறார். கொல்கத்தாவில் சி-டாக் என்ற இந்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனம் பல ஒக்சைட் சென்சர்களைச் சேர்த்து, தேயிலைக்கு மின்மூக்கே செய்து பார்த்தது. ஒரு சென்சர் எல்லா வாயுவுக்கும் தலையாட்டும், பல சேர்ந்தால்தான் வாசத்துக்கு ஒரு அடையாளம் கிடைக்கும். ஆனால் கொழுந்து நொதிக்கும் அறையைக் காய விடக்கூடாது என்று வேண்டுமென்றே ஈரமாக வைத்திருப்பார்கள். சென்சருக்கு அங்கே நல்ல சோதனை!

சரி, வீட்டு அலாரத்துக்கு வருவோம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோரம் தேங்கும்; அலாரத்தைத் தாழ்வாக மாட்டுங்கள். கேத்தல் ஆவி படும் இடம் வேண்டாம். புதுசை ஒரு நாளுக்கு மேல் கரண்டில் போட்டு வைத்த பிறகே நம்புங்கள். கத்தினால் பொய்யென்று நினைக்காமல் முதலில் ரெகியுலேட்டரை மூடுங்கள், ஜன்னலைத் திறங்கள், சுவிட்சைத் தொடாதீர்கள். உங்கள் அலாரம் எந்த நேரத்தில் கத்துகிறது, அப்போது வெளியே பனியா வெயிலா என்று கீழே எழுதுங்கள். அடுத்த வீடியோவில் ஈரமானியையும் இதோடு இணைத்துப் பார்ப்போம்.