வாசிக்கும்போது கொஞ்சம் நிறுத்துங்கள்

[திரையில்: அம்மாவின் மடியில் இரண்டு வயதுக் குழந்தை, கையில் படக்கதைப் புத்தகம்]

வணக்கம். "பேச்சே இன்னும் சரியா வரல, அதுக்குள்ள புத்தகமா?" என்று பல வீடுகளில் கேட்பார்கள். பேச்சு வருவதற்காகத்தான் புத்தகம்.

வீட்டுப் பேச்சில் ஒரே சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும்: வா, சாப்பிடு, தொடாதே. படகு, கலங்கரை விளக்கம், பொறாமை எல்லாம் கதையில்தான் வரும். தமிழ்க் குழந்தைக்கு இன்னொன்றும் இருக்கிறது. வீட்டில் "வந்துட்டாங்க" என்கிறோம். பள்ளிப் புத்தகத்திலோ "வந்துவிட்டார்கள்" என்று இருக்கும். இந்த எழுத்துத் தமிழைக் காதால் கேட்டே பழகாத குழந்தை, எழுத்தையும் அந்த நடையையும் ஒரே நேரத்தில் கற்க வேண்டியிருக்கிறது. அது பெரிய சுமை. அதனால் வரியை உள்ளபடியே வாசியுங்கள். அப்புறம் அதையே வீட்டுப் பேச்சில் சொல்லுங்கள்.

[திரையில்: பக்கத்தில் ஒரு நாயின் படம், அதன் மேல் குழந்தையின் விரல்]

எப்படி வாசிப்பது? 1988-இல் அமெரிக்காவின் லாங் ஐலண்டில் உளவியலாளர் குரோவர் ஒயிட்ஹர்ஸ்ட் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டு, இரண்டரை வயதை ஒட்டிய குழந்தைகள். இரு பிரிவு பெற்றோர்கள். எல்லோரும் வாசித்தார்கள். ஆனால் ஒரு பிரிவினருக்கு மட்டும் கேள்வி கேட்கவும், குழந்தையின் பதிலை நீட்டிச் சொல்லவும் பயிற்சி கிடைத்தது. ஒரே மாதத்தில் அந்தக் குழந்தைகள் பேச்சுத்திறன் சோதனைகளில் தெளிவாக முந்தினார்கள்.

செய்து பார்க்கலாமா?

"இது என்ன?"
"நாய்."
"ஆமா, கறுப்பு நாய். எங்க ஓடுது?"
"தண்ணி..."
"ஆமா, தண்ணி குடிக்க ஆத்துக்கு ஓடுது!"

குழந்தை சொன்ன சொல்லோடு இரண்டு மூன்று சொல்லைச் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தோம், அவ்வளவுதான். "தப்பு, ஒழுங்கா சொல்லு" என்று திருத்தவில்லை. கேட்டபின் சில நொடி காத்திருங்கள்; பதிலை நாமே சொல்லிவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. மூன்று வயதானால் "ஏன் அழுவுது?", "அடுத்து என்ன ஆகும்?" என்று கேட்கலாம்.

அதே கதையைத் திரும்பக் கேட்டால் சலிக்காமல் வாசியுங்கள். புதுச்சொல் மனதில் நிற்பது அப்படித்தான். பாதியில் எழுந்து ஓடினால் விட்டுவிடுங்கள்.

[திரையில்: தாளில் அச்சிட்ட படக்கதை]

புத்தகம் வாங்க வசதி இல்லையா? குழந்தைகள் நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, இறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம். வாசிக்கத் தெரியாத தாத்தா பாட்டியும் தயங்க வேண்டாம். படத்தைப் பார்த்துச் சொந்தமாகக் கதை சொல்லி, நடுவில் கேள்வி கேட்டாலே குழந்தை பேசத் தொடங்கும்.