விம்மில் இன்டென்ட் சரியானால் நடமாட்டம் சுலபம்

வணக்கம் நண்பர்களே. நிரல் எழுதப் பயன்படும் விம் என்ற எடிட்டரில் வரித் தொடக்கத்து இடைவெளியை, அதாவது இன்டென்டை, எப்படி வைப்பது, கோப்புக்குள் எப்படி நகர்வது என்று இன்று பார்க்கலாம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடி அறையிலிருந்து பேசுகிறேன். பின்னால் மின்விசிறிச் சத்தம் கேட்கும். இந்தப் புழுக்கத்தில் அதை நிறுத்த வழியில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா மகள் வந்திருந்தாள். புதுச்சேரியில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். தோள் பையைக்கூட இறக்காமல் லேப்டாப்பைத் திறந்து, "அண்ணா, இதைக் கொஞ்சம் பாருங்க. எல்லா வரியும் நேராத்தான் இருக்கு. ஓட்டினா டேப் எரர்னு சொல்லுது" என்றாள். பைத்தான் கோப்பு, நாற்பது வரி இருக்கும். அவளுடைய எடிட்டரில் பார்த்தபோது எனக்கும் எல்லாம் நேராகவே தெரிந்தது.

அதே கோப்பை என் விம்மில் திறந்தேன். மூன்று வரிகள் மட்டும் வலப்பக்கம் தள்ளி நின்றன. 'செட் லிஸ்ட்' என்று அடித்தேன். என் அமைப்பில் அப்படி அடித்தால் ஸ்பேஸ் இருக்கும் இடமெல்லாம் புள்ளியும், டேப் இருக்கும் இடத்தில் அம்புக்குறியும் தெரியும். 'லிஸ்ட்கேர்ஸ்' என்ற அமைப்பில் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறேன். அந்த மூன்று வரிகளிலும் புள்ளிகளுக்குப் பதில் அம்பு. தோழி அனுப்பியதிலிருந்து எடுத்து ஒட்டிய வரிகளாம்.

அம்மா தேநீர் கொண்டு வந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, "என்னடா இது, கோலப் புள்ளி மாதிரி இருக்கு" என்றார். அவளிடம் திரும்பி, "ஒரு புள்ளி தள்ளிப் போனா சிக்குக் கோலத்துல கம்பி சேராது, தெரியுமில்ல?" என்றார். அவள் உடனே, "ஆமா பெரியம்மா, இங்கயும் அதேதான்" என்றாள். நான் அரை மணி நேரம் விளக்க நினைத்ததை அம்மா அங்கேயே முடித்துவிட்டார்.

சரி, ஏன் அப்படி ஆனது? டேப் என்பது கோப்புக்குள் ஒரே ஒரு எழுத்து. அதை எத்தனை கட்டம் அகலமாகக் காட்டுவது என்பது எடிட்டரின் விருப்பம். அவளுடைய எடிட்டர் 4 என்று காட்டியது, விம் 8 என்று காட்டியது. பைத்தான் 3 இந்தக் குழப்பத்துக்குள் நுழைவதே இல்லை. ஒரே பிளாக்கில், அதாவது சேர்ந்து இயங்கும் வரித் தொகுப்பில், டேப்பும் ஸ்பேஸும் முரணாகக் கலந்திருந்தால் ஓட்டவே மாட்டேன் என்று நின்றுவிடும்.

விம்மில் இதற்கு நான்கு அமைப்புகள் இருக்கின்றன. 'டேப்ஸ்டாப்', கோப்பில் இருக்கும் டேப் எவ்வளவு அகலமாகத் தெரிய வேண்டும் என்பது. விம் தானாக வைத்திருப்பது 8. 'ஷிஃப்ட்விட்த்', ஒரு படி இன்டென்ட் எத்தனை கட்டம் என்பது. 'சாஃப்ட்டேப்ஸ்டாப்', நாம் டேப் விசையை அழுத்தும்போது எவ்வளவு நகர வேண்டும் என்பது. 'எக்ஸ்பேண்ட்டேப்' போட்டால், அழுத்தியது டேப் ஆனாலும் கோப்பில் ஸ்பேஸ்தான் போகும். பலரும் தங்களுக்கு 4 வேண்டும் என்று டேப்ஸ்டாப்பை மாற்றிவிடுகிறார்கள். நான் அதை 8-லேயே விட்டுவிடுவேன். ஷிஃப்ட்விட்த் 4, சாஃப்ட்டேப்ஸ்டாப் மைனஸ் 1, எக்ஸ்பேண்ட்டேப். மைனஸ் 1 என்றால் ஷிஃப்ட்விட்த் எவ்வளவோ அதையே எடுத்துக்கொள் என்று பொருள். டேப்ஸ்டாப் 8-ஆக இருந்ததால்தான் தங்கச்சி கோப்பில் அந்த மூன்று வரிகளும் கண்ணில் உறுத்தின.

அவற்றைத் திருத்தும்போது ஒரு இடத்தில் கவனம் தேவை. 'ரீடேப்' கட்டளை டேப்பை ஸ்பேஸ் ஆக்கும், ஆனால் அப்போது டேப்ஸ்டாப் என்னவோ அந்த அகலத்துக்குத்தான் ஆக்கும். அப்படியே அடித்திருந்தால் ஒவ்வொரு டேப்பும் 8 ஸ்பேஸ் ஆகியிருக்கும். அதனால் முதலில் டேப்ஸ்டாப்பை 4 ஆக்கி, ரீடேப் அடித்து, பிறகு 8-க்குத் திருப்பினேன். புள்ளிகள் வரிசைக்கு வந்தன, நிரலும் ஓடியது.

எல்லா மொழிக்கும் ஒரே அளவு என்று வைக்காதீர்கள். பைத்தானின் எழுத்து நடை விதிகளான பெப் 8 கேட்பது 4 ஸ்பேஸ். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் 8 அகல டேப். கோ மொழியின் நிரலை ஒழுங்குபடுத்தும் கோ-ஃபம்ட் டேப்தான் போடும். நிரலை உருவாக்கும் படிகளை எழுதி வைக்கும் மேக்ஃபைலில் கட்டளை வரிக்கு முன்னால் டேப் இல்லாவிட்டால் 'மிஸ்ஸிங் செபரேட்டர்' என்று நின்றுவிடும். விம்மின் அமைப்புகளை எழுதி வைக்கும் உங்கள் விம்ஆர்சி கோப்பில் 'ஃபைல்டைப் பிளக்இன் இன்டென்ட் ஆன்' என்ற ஒரு வரி இருந்தால் இதில் பெரும்பகுதியை விம்மே பார்த்துக்கொள்ளும்.

இன்டென்டைத் தானாகச் சரிசெய்யும் சமக்குறி (=) பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். முதல் வேலையில் ஒரு சி கோப்பில் மூன்று வரி திருத்தினேன். கோப்பு அழகாக இருக்கட்டும் என்று ஜி, ஜி, சமக்குறி, பெரிய ஜி அடித்தேன். முழுக் கோப்பும் புதிதாக இன்டென்ட் ஆனது. மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட்டில் ஏற்றியபோது ஏறக்குறைய எல்லா வரியும் மாறியதாகக் காட்டியது. அதைச் சரிபார்க்க வேண்டிய அண்ணன் ஒரு மதியம் முழுவதும் என் மூன்று வரிகளைத் தேடினார். அவர் திட்டவில்லை, எனக்குத்தான் மனம் கேட்கவில்லை. அன்றிலிருந்து, கர்சர் நிற்கும் பிளாக்கை மட்டும்தான் திருத்துகிறேன்: சமக்குறி, ஐ, கர்லி பிராக்கெட். அதிலும் பைத்தானில் சமக்குறியைத் தொடவே மாட்டேன். அங்கே இன்டென்ட்தான் பொருள், ஒரு வரி லூப்புக்கு உள்ளே இருக்க வேண்டுமா வெளியே இருக்க வேண்டுமா என்று விம்முக்கு எப்படித் தெரியும்? வரிகளைத் தேர்ந்தெடுத்து, பெரியது, சிறியது குறிகளால் (>, <) நானே தள்ளுவேன்.

அப்புறம் நடமாட்டம். ஹெச், ஜே, கே, எல் விசைகளில் நகர்வது 1976-இல் பில் ஜாய் எழுதிய, விம்முக்கு முன்னோடியான வி-ஐயிலிருந்து வருகிறது. அவர் வேலை செய்த ஏடிஎம்-3ஏ (ADM-3A) என்ற கணினி டெர்மினலில் அம்புக்குறிகள் அந்த விசைகள்மேல்தான் அச்சாகியிருந்தன. ஆனால் ஜே-வை அழுத்திப் பிடித்துக்கொண்டு கோப்பு முழுக்க இறங்குபவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். சதவீதக் குறியை அழுத்துங்கள், பிராக்கெட்டின் ஜோடிக்குத் தாவும். நட்சத்திரத்தை அழுத்துங்கள், கர்சர் நிற்கும் சொல் அடுத்து எங்கே வருகிறதோ அங்கே போகும். கண்ட்ரோல் ஓ, வந்த வழியே திரும்பக் கூட்டிப்போகும். பழைய நிரலைப் படிப்பவருக்கு இந்த ஒன்று போதும், பாதி நேரம் மிச்சம்.

மூடும் சதுர அடைப்பை (]) இரண்டு முறை அடித்தால் அடுத்த ஃபங்ஷனுக்குப் போகலாம் என்று பல இடங்களில் சொல்கிறார்கள். உண்மையில் விம் தேடுவது, வரியின் முதல் கட்டத்திலேயே நிற்கும் கர்லி பிராக்கெட்டை. ஃபங்ஷனின் பிராக்கெட்டைத் தனி வரியில், இடது ஓரத்தில் வைக்கும் சி நிரலில் இது அருமையாக வேலை செய்யும். பிராக்கெட் வரிக் கடைசியில் இருந்தால் தாண்டிப் போய்விடும். ஜாவா என்றால் சதுர அடைப்புடன் எம் அடியுங்கள், மெத்தடுக்குப் போகும். நீங்கள் எப்படி இன்டென்ட் செய்கிறீர்களோ அதை நம்பித்தான் எடிட்டர் வழி காட்டுகிறது. இன்டென்ட், நடமாட்டம் இரண்டையும் ஒரே வீடியோவில் பேசுவதற்குக் காரணமும் அதுதான்.

இன்னொன்று. எந்தக் கோப்பும் இல்லாமல் விம்மைத் திறந்தால், உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று சில நேரம் ஒரு வரி வரும். 1991-இல் விம்மை வெளியிட்ட பிராம் மூலெனார் அந்தக் குழந்தைகளுக்காக வைத்த வரி அது. 2023 ஆகஸ்டில் அவர் காலமானார். ஒருமுறையாவது அந்த வரியைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இப்போது திரையைப் பாருங்கள், தங்கச்சியின் அதே கோப்பு. 'செட் ஃபோல்ட்மெத்தட் இன்டென்ட்' என்று அடிக்கிறேன், இன்டென்டை வைத்து வரிகளை மடிக்கச் சொல்லும் கட்டளை அது. பிறகு ஸெட் (z), பெரிய எம். நாற்பது வரியும் மடிந்துவிட்டது. ஃபங்ஷன் பெயர்கள் தெரிகின்றன, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு மடிப்பு. ஸெட் ஜே அடித்தால் அடுத்த மடிப்பு, ஸெட் ஓ அடித்தால் அது திறக்கும். இப்போது திருத்துவதற்கு முன்னால் எடுத்து வைத்த பிரதியில் அதையே செய்து, இந்த ஃபங்ஷனைத் திறக்கிறேன். நடுவில் பாருங்கள், அந்த மூன்று வரிகள் மட்டும் தனியாக இன்னொரு மடிப்புக்குள் போய் ஒளிந்துகொண்டிருக்கின்றன.