கழுவக் கொடுத்த கால்

(ஈரோட்டில் போதகர்களும் சபை மூப்பர்களும் கூடிய கூட்டத்தில் ஓய்வுபெற்ற போதகர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

அன்பான போதகர்களே, மூப்பர்களே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

இயேசு சிலுவையில் மரித்ததற்கு முந்தின இரவை நினைக்கிற பெரிய வியாழனன்று நம்மில் பலர் சபையாரின் கால்களைக் கழுவியிருக்கிறோம். கோபிப் பக்கம் நான் ஊழியம் செய்த கிராமத்தில், மஞ்சள் அறுவடை ஓய்கிற சமயத்தில் அந்த நாள் வரும். களத்தில் மஞ்சள் வேகவைத்து, காயவைத்து, நகக்கண்ணெல்லாம் நிறம் ஏறி வெடித்த கால்கள். கழுவக் கழுவத் தண்ணீர் பழுப்பாகும். எனக்கு அந்த ஆராதனை ரொம்பப் பிடிக்கும். ஏன் பிடித்தது என்று இப்போது யோசித்தால் வருத்தமாக இருக்கிறது. குனிந்திருந்தாலும் கொடுக்கிற இடத்தில் இருந்தவன் நான்.

இயேசு சீஷருடைய கால்களைக் கழுவுகிற யோவான் சுவிசேஷம் 13-ஆம் அதிகாரத்தை வைத்துப் பிரசங்கிக்கிறோம். முந்தின அதிகாரத்தையும் சேர்த்துப் படியுங்கள். யூதருடைய பஸ்கா பண்டிகைக்கு ஆறு நாளைக்கு முன் இயேசு பெத்தானியாவுக்கு வருகிறார். அங்கே மரியாள் விலையேறிய தைலத்தை அவர் பாதங்களில் பூசி, தன் தலைமயிரால் துடைக்கிறாள். அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. யூதாஸ் குறை சொன்னபோதும் அவளை விட்டுவிடச் சொல்கிறார். தம் கால்களை இப்படிக் கொடுத்தவர்தான் சில நாள் கழித்துச் சீஷருடைய கால்களைக் கழுவினார். அப்புறம் அவர் பிடிபடுமுன் ஜெபித்த கெத்செமனே தோட்டம். தம் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கத்தில் இருப்பதாக சீஷரில் மூன்று பேரிடம் வாய்விட்டுச் சொல்லி, கூட விழித்திருக்கும்படி கேட்கிறார். அவர்கள் தூங்கிப்போவார்கள் என்று தெரிந்தவர் கேட்கிறார். நம் சபைக் கமிட்டியில் நாம் யாரிடமாவது இப்படிக் கேட்டதுண்டா?

நம் கொங்கு மண்ணிலேயே ஒருவர் இருந்தார். கத்தோலிக்க ஆயர், பெயர் மரியோன் பிரெசில்லாக். 1846-ல் கோயம்புத்தூர் பக்கத்துக் கருமத்தம்பட்டியில் ஆயராக அபிஷேகம் பெற்றவர். இந்த ஊர் ஆட்களே குருக்களாக வேண்டும் என்று பாடுபட்டார். சாதி வழக்கங்களைத் திருச்சபை எந்த அளவுக்கு ஏற்கலாம் என்ற சர்ச்சையில் அவர் மனசாட்சிக்கு அமைதி கிடைக்கவில்லை. அதை மூடிவைத்துக்கொண்டு பதவியில் உட்கார்ந்திருக்கலாம். அவர் பொறுப்பிலிருந்து விலகினார். 1855-ல் அது ஏற்கப்பட்டது. அடுத்த வருஷம் ஆப்பிரிக்காவுக்கான ஒரு மிஷன் சபையைத் தொடங்கினார். 1859-ல் சியரா லியோனில் போய் இறங்கிய சில வாரங்களில் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். அவர் சபை வேறு, நம் சபை வேறுதான். ஆனாலும் ‘என்னால் முடியவில்லை’ என்று ஓர் ஆயர் சொன்னது நம் மண்ணில் நடந்தது, நாம் அதை மறந்துவிடக்கூடாது.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஒரு வருஷம் என் மனைவி படுத்த படுக்கையாகிவிட்டாள். சபைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. யார் கேட்டாலும் “கர்த்தர் நடத்துகிறார்” என்பேன். அது விசுவாசம் என்று நினைத்தேன். போதகர் வீட்டு அடுப்பு அணைந்து கிடப்பது தெரியக்கூடாது என்ற வீம்பு அது. ஒரு ஞாயிறு ஜெபத்தின் நடுவில் குரல் உடைந்து, மேற்கொண்டு பேச முடியாமல் நின்றேன். மூப்பர் ஒருவர் எழுந்து ஜெபத்தை முடித்தார்.

அன்று மத்தியானம் மஞ்சள் காட்டு வேலைக்குப் போகும் ஒரு பாட்டி, தூக்குப்போசியில் ராகிக்கூழோடு வந்தார். “ஏனுங்கய்யா, எங்ககிட்டச் சொன்னா நாங்க வரமாட்டமுங்களா?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அவர் உள்ளே போய் என் மனைவிக்குத் தலைவாரி, பாத்திரம் தேய்த்து, வாசல் பெருக்கிவிட்டுத்தான் போனார். மறுநாளும் வந்தார். அந்த வாரத்திலிருந்து ஆட்கள் தங்கள் கடனையும், குடியையும், பிள்ளைகளைப் பற்றிய பயத்தையும் என்னிடம் சொல்ல ஆரம்பித்தார்கள். அதுவரை என்னிடம் ஜெபக்குறிப்பு மட்டுமே வந்துகொண்டிருந்தது.

அடுத்த பெரிய வியாழன் கால்களைக் கழுவி முடித்தபோது, அந்தப் பாட்டி எழுந்து வந்து, “நீங்க உக்காருங்கய்யா” என்றார். இயேசு தன் காலைக் கழுவ வந்தபோது தடுத்த பேதுருவைப் போல எனக்கும் ‘கூடாது’ என்றுதான் வாய்வரை வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். அவருடைய கை சொரசொரப்பாக இருந்தது. என் கால் நடுங்கியதை முன்வரிசையில் இருந்தவர்கள் பார்த்தார்கள்.