வீட்டில் செய்த மிக்ஸ்: ட்ராக் பெயர்களைச் சொல்லலாமா, எங்கே போடுவது?

அடுத்த கேள்வி கோவையிலிருந்து ஒரு தம்பி அனுப்பியது. கொஞ்சம் நீளம், சுருக்கிப் படிக்கிறேன். "அண்ணா, ஹவுஸ், டெக்னோ மாதிரி எலக்ட்ரானிக் டான்ஸ் இசையெல்லாம் தேடித் தேடிக் கேட்பேன். வீட்டில் ஒரு சின்ன டிஜே கன்ட்ரோலர் வைத்து, பல ட்ராக்குகளை இடைவெளி இல்லாமல் கோத்து ஒரு மணி நேர மிக்ஸ் ஒன்று செய்தேன். யூடியூபில் ஏற்றினால் காப்புரிமை என்று சொல்லிச் சில நாடுகளில் முடக்கிவிட்டார்கள். நண்பர்களுக்கு அனுப்பினால் 'சூப்பர் மச்சி' என்று பதில் வருகிறது, ஆனால் யாரும் முழுசாகக் கேட்ட மாதிரி தெரியவில்லை. இன்னொரு சந்தேகம், ட்ராக் லிஸ்ட் போட வேண்டுமா? கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்த ட்ராக். பெயரைச் சொல்லிவிட்டால் ஆளாளுக்கு எடுத்துப் போட்டுக்கொள்வார்களே?"

கடைசியில் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்றதற்கெல்லாம் பதில் அதில்தான் தொடங்குகிறது. பெயரைப் போடுங்கள். எல்லா ட்ராக்கின் பெயரையும் போடுங்கள்.

பொத்தி வைக்கும் ஆசை உங்களுக்கு மட்டும் வந்ததில்லை, அதற்கு ஒரு வரலாறே இருக்கிறது. 1950களில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் சவுண்ட் சிஸ்டம், அதாவது பெரிய ஒலிபெருக்கிகள் வைத்துத் தட்டு போடும் ஆட்டக் கூட்டம், நடத்தியவர்கள் அமெரிக்காவிலிருந்து இசைத்தட்டுகளை வரவழைத்து, நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். காக்ஸன் டாட் என்று ஒருவர். பிற்காலத்தில் ஸ்டுடியோ ஒன் என்ற பெரிய ஸ்டுடியோவைத் தொடங்கியவர். வில்லிஸ் ஜாக்சன் என்ற அமெரிக்க சாக்ஸபோன் கலைஞரின் தட்டு ஒன்றுக்கு 'காக்ஸன் ஹாப்' என்று தன் பெயரையே சூட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். அது என்ன தட்டு என்று அவருடைய போட்டியாளர் டியூக் ரீட் தேடிக் கண்டுபிடித்து ஒருநாள் தன் கூட்டத்தில் போட்டுவிட்டார். அந்த அதிர்ச்சியில் காக்ஸன் மயங்கி விழுந்தார் என்றுகூட ஒரு கதை உண்டு. ஜமைக்காவிலிருந்து நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதிக்குக் குடிபெயர்ந்த டிஜே கூல் ஹெர்க்கும் 1970களில் தட்டைத் தண்ணீரில் ஊறவைத்து லேபிளை உரித்தவர்தான். இங்கிலாந்தில் அரிய அமெரிக்க சோல் தட்டுகளைத் தேடிப் போட்ட நார்தர்ன் சோல் டிஜேக்கள் லேபிளின் மேல் வேறு காகிதத்தை ஒட்டி, இல்லாத ஒரு பாடகரின் பெயரை எழுதி வைப்பார்கள்.

அவர்கள் செய்ததில் ஒரு நியாயம் இருந்தது. ஊருக்கே ஒரு பிரதிதான் வந்திருக்கும். அந்தத் தட்டு யாரிடம் இருக்கிறதோ அங்கேதான் கூட்டம் போகும், கூட்டம் போனால்தான் வருமானம். பிழைப்பு அது. இன்றைக்கு உங்கள் மிக்ஸைக் கேட்பவர் போனை எடுத்து, பாட்டைக் கேட்டே பெயர் சொல்லும் ஷசாம் செயலியைத் தட்டினால் பத்து வினாடியில் பெயர் வந்துவிடும். ஷசாமால் பிடிக்க முடியாத ட்ராக்குகளும் உண்டு, வேகத்தை நிறைய மாற்றியிருந்தாலோ இரண்டு ட்ராக் ஒன்றன்மேல் ஒன்று ஓடும்போதோ அது தடுமாறும். ஆனால் நீங்கள் ஒளித்து வைப்பதால் உங்களுக்கு வரும் லாபம் என்ன? ஒன்றுமில்லை. அந்த ட்ராக்கைச் செய்தவருக்குத்தான் நஷ்டம். அவர் பெர்லினிலோ டெட்ராய்டிலோ ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து செய்திருப்பார், மொத்தமாகவே சில நூறு பேர்தான் வாங்கியிருப்பார்கள்.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. சரண்ஜித் சிங். பம்பாயில் ஹிந்திப் படங்களுக்கு வாசித்த இசைக் கலைஞர். 1982இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு தட்டு வெளியிட்டார். பயன்படுத்தியது ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று மின்னணுக் கருவிகள்: தாளத்துக்கு டிஆர்-808, பேஸ் என்ற கனத்த அடிச் சத்தத்துக்கு டிபி-303, மேலே ராகம் வாசிக்க ஜூபிட்டர்-8. அந்த 303 என்ற பெட்டியை ரோலண்ட் நிறுவனமே 1984வாக்கில் நிறுத்திவிட்டது, அவ்வளவு மோசமான விற்பனை. பிறகு சிகாகோ பையன்கள் பழைய சாமான் விலைக்கு வாங்கி, அதன் குமிழ்களை வாசிக்கும்போதே திருகித் திருகி ஒரு சத்தத்தை உண்டாக்கினார்கள். 1987இல் அந்தச் சிகாகோவின் ஃப்யூச்சர் குழுவின் தட்டு வந்தபோது அதற்கு ஆசிட் ஹவுஸ் என்று பெயர் நிலைத்தது. சரண்ஜித் சிங்கின் தட்டு அதற்கு ஐந்து வருடம் முந்தியது. கேட்டால் தூக்கிவாரிப்போடும், பைரவி ராகத்துக்கு அடியில் அதே 303 வழுக்கிக்கொண்டு ஓடும்.

ஆனால் அந்தத் தட்டு கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. 2002இல் எடோ பவ்மன் என்ற டச்சு சேகரிப்பாளர் டெல்லிக் கடை ஒன்றில் அதைக் கண்டெடுத்தார். 2010இல் தன்னுடைய லேபிளில், அதாவது தன் இசை வெளியீட்டு நிறுவனத்தில், மறுபடி வெளியிட்டார். அதன் பிறகுதான் சரண்ஜித் சிங், எழுபது வயதில், ஐரோப்பிய மேடைகளில் போய் வாசித்தார். 2015இல் காலமானார். "ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்ததே ஓர் இந்தியர்" என்று சிலர் மார்தட்டுவது எனக்கு ஒப்பவில்லை. இந்தத் தட்டு சிகாகோவுக்குப் போய்ச் சேரவில்லை, அங்கே ஆசிட் ஹவுஸ் தன் பாட்டுக்கு வேறு வழியில் பிறந்தது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. பவ்மன் அந்தத் தட்டைத் தன் அலமாரியில் பூட்டி வைத்துக்கொண்டு, மிக்ஸில் மட்டும் பெயர் சொல்லாமல் போட்டுப் பெருமைப்பட்டிருக்கலாம். அவர் பெயர் சொன்னதால்தான் நீங்களும் நானும் இன்று சரண்ஜித் சிங்கைப் பற்றிப் பேசுகிறோம்.

சரி, பட்டியல் எப்படி எழுதுவது? கலைஞர் பெயர், ட்ராக் பெயர் மட்டும் போதாது. எந்த வடிவம் என்பது கட்டாயம் வேண்டும். டான்ஸ் இசையில் ஒரே தலைப்பில் சுருக்கிய ரேடியோ எடிட், நீட்டிய எக்ஸ்டெண்டட் மிக்ஸ், குரலைப் பெரும்பாலும் எடுத்துவிட்ட டப், யாரோ ஒருவரின் ரீமிக்ஸ் என்று நாலைந்து இருக்கும். நீங்கள் போட்டது ஏழு நிமிட டப், கேட்டவர் தேடிப் போய்ப் பிடித்தது மூன்றரை நிமிட ரேடியோ எடிட் என்றால், "இதுவா அது?" என்று குழம்பிவிடுவார். லேபிள் பெயரும் வெளியான வருடமும் சேர்த்தால் இன்னும் நல்லது. லேபிள் தெரிந்தால், இசைத்தட்டு விவரங்களைத் தொகுத்து வைக்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் அந்த லேபிளின் மற்ற வெளியீடுகளையும் பார்க்கலாம், அங்கிருந்து இன்னும் பத்துப் பெயர் கிடைக்கும். நீங்களே அப்படித்தானே தேடியிருப்பீர்கள்? அப்புறம், ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் எத்தனையாவது நிமிடம் என்று போடுங்கள். கலைஞர்களே நேரடியாக இசை விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் அந்த ட்ராக் இருந்தால் அதன் இணைப்பையும் கொடுத்துவிடுங்கள். அங்கே டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுத்துக்கொள்ளும் பங்கு பொதுவாக 15 சதவீதம். 2020 மார்ச்சிலிருந்து பேண்ட்கேம்ப் ஃப்ரைடே என்று சில வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கிறார்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு. இன்னும் வெளியாகாத ட்ராக்கை அதைச் செய்தவரே நம்பி உங்களுக்கு அனுப்பியிருந்தால், பெயர் போடலாமா என்று அவரைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் அந்த இடத்தில் 'வெளியாகாதது' என்று மட்டும் எழுதுங்கள்.

நண்பர்கள் முழுசாகக் கேட்பதில்லை என்பதற்கு வருகிறேன். ஒரு மணி நேரக் கோப்பை வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டு "கேட்டுட்டு சொல்லு" என்றால் யார் கேட்பார்கள்? 320 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் ஒரு மணி நேரம் கிட்டத்தட்ட 144 எம்பி வரும், பாதிப் பேர் டவுன்லோடே செய்யமாட்டார்கள். ஆளைப் பார்த்து அனுப்புங்கள். "உனக்கு அந்த மாதிரி கீபோர்டு பிடிக்குமே, 37ஆவது நிமிடத்தில் ஒன்று வருகிறது, அங்கிருந்து கேள்" என்று சொல்லி அனுப்பினால் கேட்பார், பிடித்தால் முதலிலிருந்து போடுவார். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நம் ஊர் ரெக்கார்டிங் கடைகளில் இதைத்தான் செய்தார்கள். பட்டியல் எழுதிக் கொடுத்தால் 60 அல்லது 90 கேசட்டில் பதிந்து, உள் அட்டையில் இன்ன பக்கம் இன்ன பாட்டு என்று கையால் எழுதித் தருவார்கள். வாடிக்கையாளரின் ரசனை தெரிந்த கடைக்காரர், பக்கம் முடியும் இடத்தில் மிச்சமிருக்கும் மூன்று நிமிடத்தில் கேட்காத பாட்டு ஒன்றையும் பதிந்து வைப்பார். அந்தப் பாட்டுக்காகவே அந்தக் கடைக்குப் போனவர்கள் உண்டு.

மிக்ஸ் தரத்தைப் பற்றியும் தம்பி கேட்காமலே ஒன்று சொல்லிவிடுகிறேன். இரண்டு ட்ராக்கின் வேகத்தையும் அடியையும் ஒத்துப்போகச் செய்யும் பீட் மேட்சிங்கை ஒரு பெரிய வித்தை என்று நினைத்துப் பயப்படாதீர்கள். இப்போது அதைத் தானாகச் செய்யும் சிங்க் பொத்தான் இருக்கிறது, அதை அழுத்துவது பாவமில்லை. மிக்ஸ்க்ஸ் மாதிரி இலவச மென்பொருளிலேயே அது உண்டு. காதில் உறுத்துவது பெரும்பாலும் பேஸ்தான். இரண்டு ட்ராக்கின் கிக் என்ற டிரம் அடியும் பேஸும் ஒரே நேரத்தில் ஓடினால் கீழே எல்லாம் சேறாகிவிடும், லெவலும் சிவப்புக்கு ஏறும்.

இப்படிச் செய்து பாருங்கள். இரண்டும் 128 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 128 அடி, என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தில் 32 அடி என்பது சரியாக 15 வினாடி. ஹவுஸ், டெக்னோ ட்ராக்குகளில் பெரும்பாலும் 16 அடிக்கோ 32 அடிக்கோ ஒருமுறைதான் ஏதாவது மாறும், ஹைஹாட் என்ற சிம்பல் சத்தம் ஒன்று சேரும், ஒரு குரல் போகும். ஓடுகிற ட்ராக்கில் அப்படி ஒரு மாற்றம் வரும் முதல் அடியில் புதிய ட்ராக்கைத் தொடங்குங்கள். புதியதன் பேஸ் குமிழ் முழுக்கக் கீழே இருக்கட்டும். ஒலி அளவை மெதுவாக ஏற்றுங்கள், கேட்பவருக்கு ஹைஹாட்டும் கைத்தட்டலும் மட்டும் கூடின மாதிரி இருக்கும். 32 அடி எண்ணுங்கள். அடுத்த முதல் அடியில் ஒரு கையால் பழையதன் பேஸைக் கீழே இறக்கி, அதே நொடியில் மறு கையால் புதியதன் பேஸை நடுவுக்குக் கொண்டு வாருங்கள். இந்த ஓர் இடம் கை படிந்துவிட்டால் மிக்ஸ் பாதிக்கு மேல் தேறிவிடும். சுருதி சேருகிறதா என்பது அடுத்த கட்டம். வேகத்தை ஆறு சதவீதம் கூட்டினால் சுருதி ஏறக்குறைய அரைச் சுரம் ஏறிவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், சுருதியை மாறாமல் பிடித்து வைக்கும் கீ லாக் போடாமல் அவ்வளவு தூரம் இழுக்காதீர்கள். பதிவு செய்யும்போது சிவப்பு விளக்கு எரியவே கூடாது. குறைந்த சத்தத்தில் பதிந்ததைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம், உடைந்து பதிந்த சத்தத்தை ஒட்டவைக்க முடியாது.

எங்கே போடுவது? யூடியூபில் உங்களுக்கு வந்தது, கன்டென்ட் ஐடி என்ற தானியங்கிச் சோதனை எழுப்பிய உரிமைக் கோரல். அது ஸ்ட்ரைக் இல்லை, பயப்பட வேண்டாம். உரிமையாளர் அந்த வீடியோவை முடக்கலாம், சில நாடுகளில் மட்டும் முடக்கலாம், அல்லது ஓடவிட்டு விளம்பர வருமானத்தைத் தான் எடுத்துக்கொள்ளலாம். ஸ்ட்ரைக் என்பது வேறு, உரிமையாளர் முறைப்படி அகற்றச் சொல்லி அனுப்புவது. 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனலே போய்விடும். கோரலுக்கு எதிராக "இது என் சொந்தப் படைப்பு" என்று மறுப்பு மட்டும் அனுப்பாதீர்கள், கோரல் ஸ்ட்ரைக்காக மாறுவது பல நேரம் அப்படித்தான். "பொழுதுபோக்குக்காக மட்டும், காப்புரிமை மீறல் நோக்கமில்லை" என்று கீழே எழுதி வைப்பதால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

டிஜே மிக்ஸ் மட்டும்தான் என்றால் நான் மிக்ஸ்கிளவுடைத்தான் சொல்வேன். லண்டன் நிறுவனம், இந்த வேலைக்காகவே தொடங்கியது. லேபிள்களோடும் உரிமைச் சங்கங்களோடும் ஒப்பந்தம் வைத்திருக்கிறார்கள், நீங்கள் போட்ட ட்ராக்குகளுக்கு உரியவர்களுக்கு அங்கிருந்து பணம் போகிறது. பதிலுக்கு நீங்கள் சில கட்டுப்பாடுகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கேட்பவர் கோப்பாக இறக்கிக்கொள்ள முடியாது, ஒரே கலைஞரின் ட்ராக்குகளாக அடுக்கினால் சில இடங்களில் ஓடாது. சவுண்ட்கிளவுடில் கேட்பவர்கள் அதிகம், புதிதாக இசை செய்பவர்களே அங்கேதான் இருக்கிறார்கள், ஆனால் அங்கேயும் தானியங்கிச் சோதனை உண்டு. நீங்கள் பாடுபட்டுச் செய்தது ஒரு காலையில் காணாமல் போகலாம். இரண்டிலும் போடலாம், தப்பில்லை.

யாராவது ஒரு கலைஞர் நேரடியாக எழுதி, "என் ட்ராக்கை எடுத்துவிடுங்கள்" என்று கேட்டால் வாதாடாமல் எடுத்துவிடுங்கள். அதற்கு வசதியாக மிக்ஸைப் பதிந்த அன்றே மென்பொருளில் ட்ராக்குகளை அதே வரிசையில் ஒரு பிளேலிஸ்டாகச் சேமித்து வையுங்கள், சுருக்காத வேவ் கோப்பையும் தனியாக வைத்திருங்கள். அந்த ஒரு ட்ராக்கின் இடத்தை மட்டும் மாற்றிச் செய்து ஒட்டிவிட்டால், மிச்சத்தை முதலிலிருந்து வாசிக்க வேண்டியதில்லை. அடுத்த கேள்வி ஹெட்போன் பற்றி வந்திருக்கிறது, அதைப் பார்ப்போம்.