போச்சம்பள்ளி சந்தையில் புளி வாங்குவது எப்படி?

(காட்சி: ஞாயிறு காலை. தரையில் விரித்த சாக்குகள், புளி மூட்டைகள், தராசு.)

கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் ஞாயிறுதோறும் வாரச்சந்தை கூடும். வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். ஒரு துணிப்பை, கொஞ்சம் சில்லறை போதும்.

வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் ஆட்டையும் கோழியையும் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் நேரே புளி விற்கும் இடத்துக்குப் போங்கள். இந்தப் பக்கத்துச் சாலையோரப் புளிய மரங்களைப் பார்த்தாலே காரணம் புரியும்.

(காட்சி: புளியை நெருக்கத்தில் காட்டவும்.)

மாசி, பங்குனியில் புதுப்புளி வரும். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையைத் தட்டி எடுக்க வேண்டும். பல கிராமங்களில் பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்யும் வேலை இது. கொட்டையோடு இருந்தால் கொட்டைப்புளி, எடுத்துவிட்டால் பூப்புளி, வட்டமாகத் தட்டி அடுக்கினால் தோசைப்புளி. கொட்டைப்புளி விலை குறைவுதான், ஆனால் எடையில் நல்ல பங்கு கொட்டைக்கே போய்விடும். அதைக் கழித்துப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள். அந்தக் கொட்டையும் வீணாகாது: அரைத்த மாவு நூலுக்குக் கஞ்சி போடப் போகிறது.

சரி, எது நல்ல புளி? புதுசு வெளிர் பழுப்பாக இருக்கும், நாளாக ஆகக் கறுக்கும். கறுப்பு என்பதற்காக ஒதுக்காதீர்கள், பழம்புளியைத் தேடி வாங்குபவர்களும் உண்டு. பார்க்க வேண்டியது ஈரம். ஒருமுறை பளபளப்பைப் பார்த்து ஏமாந்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து பத்து நாளில் பூசணம். கையில் பிசைந்து பாருங்கள், கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். வருஷத்துக்கு வாங்குபவர்கள் கல் உப்பு தூவிப் பானையில் அழுத்தி வைப்பார்கள்.

(காட்சி: ராகி, சாமைக் குவியல்.)

அப்புறம் தானியம். ராகியை மாவாக வாங்காமல் மணியாக வாங்குங்கள். பூச்சி எளிதில் அண்டாது, வேண்டும்போது அரைத்துக்கொள்ளலாம். களி கிண்டத் தெரியாதவர்களுக்குச் சாமை சுலபம், அரிசி மாதிரியே வடிக்கலாம்.

ஜூன் மாதம் போனால் மாம்பழம். பெங்களூரா பெரும்பாலும் மாம்பழக்கூழ் தொழிற்சாலைகளுக்குப் போகிற ரகம். சாப்பிட என்றால் செந்தூராவைக் கேளுங்கள்.

விற்பவர் முகத்தைப் படம் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஏதாவது வாங்கிவிட்டுக் கேட்டால் சிரித்துக்கொண்டே நிற்பார்கள்.

(காட்சி: பஸ் ஜன்னல்.)

திரும்பும்போது காவேரிப்பட்டணம் வழியாகப் பஸ் கிடைத்தால், இறங்கி நிப்பட்டு (தட்டை மாதிரி மொறுமொறுப்பான பலகாரம்) வாங்கிக்கொள்ளுங்கள். ஊர் போய்ச் சேரும்வரை மிஞ்சாது, அதனால் ரெண்டு பாக்கெட்டாக.